குருசு போடாத கை

யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஒருவர் வீட்டுப் படலையைத் தாண்டுகிறார் என்றால், போகிற இடம் கடலாக இருக்கட்டும், பரீட்சை மண்டபமாக இருக்கட்டும், கனடாவாக இருக்கட்டும், வீட்டில் மூத்தவர் பெருவிரலால் நெற்றியில் சிலுவை அடையாளமாக ஒரு குருசு போட்டுத்தான் அனுப்புவார். அவசரத்தில் மறந்து போனவன் இறங்குதுறை வரைக்கும் போய், நெஞ்சு கேட்காமல் திரும்பி ஓடிவந்து, தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டுதான் வள்ளத்தில் ஏறுவான். அப்படிப்பட்ட ஊரில், அமெரிக்காவிலிருந்து திரும்பிவந்த கிறிஸ்துநாயகம் என்ற அறுபத்தாறு வயது மனிசன் மட்டும் ஒருத்தருக்கும் குருசு போடமாட்டார். யாராவது நெற்றியைக் காட்டினால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார்.

பெற்ற மகளின் கல்யாணத்திலேயே இந்தக் கூத்து நடந்தது. லவீனா கோயிலுக்கு வெளிக்கிட்டு, முக்காட்டை விலக்கி, நெற்றியைக் காட்டிக்கொண்டு தகப்பனுக்கு முன்னால் நிற்கிறாள். வீடு நிறையச் சனம். மனிசன் பின்வளவுக்குப் போய்க் கிணற்றடியில் நின்றுகொண்டார். கடைசியில் தாய் மரியநாயகிதான் போட்டுவிட்டாள், போடும்போதே அழுதும் விட்டாள். "அமெரிக்காவிலை அல்லேலூயாக் கூட்டத்தோடை சேர்ந்திட்டார் போலை" என்று பக்கத்து வீட்டு நீக்கிலாப்பிள்ளை எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார். ஊர்வாயை மூட உலைமூடி எங்கே கிடைக்கும்?

பகிடியாக இருந்தது அடுத்த வருசம் பயமாக மாறிவிட்டது. மரியநாயகி மடு மாதா திருவிழாவுக்குப் போயிருந்த நேரம், மருமகன் ஜெறோம் கடலுக்கு வெளிக்கிட்டான். வீட்டில் மூத்தவர் என்று மாமனார் ஒருத்தர்தான். அவன் தலையைக் குனிந்தான். "போயிட்டு வாரும் தம்பி" என்று கிறிஸ்துநாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்குப் பார்த்து நடுக்கடலில் இயந்திரம் நின்று, ஜெறோம் மூன்று நாள் மிதந்து, உதடு வெடித்து, ஆள் அடையாளம் தெரியாமல் வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகு கிறிஸ்துநாயகம் ஒழுங்கையில் எதிரே வந்தால், வலையோடு போகிறவர்கள் மறுபக்கம் மாறி நடந்தார்கள். அவர் கோபிக்கவில்லை. அந்தப் பெருவிரல் என்ன செய்தது என்று முழுதாகத் தெரிந்தால் இன்னும் தூரமாக ஓடுவார்கள் என்றுதான் நினைத்தார்.

இந்த வருசம் விசயம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆறு வருசம் பிள்ளையில்லாமல் ஏங்கின லவீனா முப்பத்துநாலாவது வயதில் உண்டாகினாள். ஏழாம் மாதத்தில் இரத்தம் கண்டது. நச்சுக்கொடி கீழே இறங்கி வாசலை மறித்துக்கொண்டு கிடக்கிறது, வயிற்றை வெட்டித்தான் பிள்ளையை எடுக்கவேண்டும், இரத்தம் நிறையப் போகலாம், கொடுக்க ஆக்களை ஆயத்தமாக வைத்திருங்கள் என்று பெரியாஸ்பத்திரி டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஒன்பதாம் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று.

அதற்கு இரண்டு நாள் முன்னம், செவ்வாய்க்கிழமை பின்னேரம், ஆஸ்பத்திரி வாட்டுக்குப் பார்க்கப் போன தகப்பனின் கையை லவீனா எட்டிப் பிடித்தாள்.

"அப்பா, நான் உங்களிட்டை ஒண்டும் கேட்டதில்லை. வியாழக்கிழமை என்னை உள்ளை கொண்டு போகேக்கை எனக்கு ஒரு குருசு போடவேணும். நீங்கள்தான் போடவேணும்."

"கொம்மா போடுவா பிள்ளை."

"அம்மா போட்டது போதும். நீங்கள் போடாட்டி நான் திரும்பி வரமாட்டன் எண்டு என்ரை மனம் சொல்லுது."

ஐயோ, வயிற்றுப் பிள்ளையோடு படுத்திருக்கிறவள் இப்படி ஒரு சொல்லைச் சொன்னால் தகப்பன் என்ன செய்வான்? போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். வீட்டுக்கு வந்த மனிசன் பிட்டுக் கோப்பைக்குள் கையை வைத்தபடி அப்படியே இருந்தார். "சாப்பிடுங்கோவன்" என்று மரியநாயகி இரண்டுதரம் சொல்லிப் பார்த்துவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தக் கைக்கு என்ன நடந்தது என்று சொல்வதானால் தொண்ணூறாம் ஆண்டிலிருந்து சொல்லவேண்டும். சண்டை மூண்ட அந்த வருசம் கிறிஸ்துநாயகம் கப்பல் வேலைக்குப் போனார். லவீனா நாலு மாதக் குழந்தை. அவர் விடியப் புறப்படும்போது பிள்ளை நல்ல நித்திரை. நெற்றியில் விரல் பட்டால் எழும்பி வீரிடும், பிறகு போக மனம் வராது என்று பயந்து, அவளுக்குக் குருசு போடாமலே படலையைச் சாத்திவிட்டுப் போனார். அந்தக் குறை அவரைக் கடல்கடலாகத் துரத்தினது.

அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் கப்பலை விட்டுக் குதித்து, ஒளித்துத் திரிந்து, மீன் வெட்டி, கோப்பை கழுவி, வழக்குப் பேசி, வதிவிடக் கடுதாசி கைக்கு வந்தபோது ஆள் நாற்பத்தைந்தைத் தொட்டிருந்தார். மனிசியையும் பிள்ளையையும் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் மேசைக்கு மேசை ஏறி இறங்கிக்கொண்டே கிடந்தது. அந்த நேரம் கிடைத்தது ஒரு மருந்து ஆராய்ச்சிச் சாலையில் கூடு கழுவுகிற வேலை. "மிருகங்கள் இருக்கு, பயமோ?" என்று கேட்டார்களாம். சுறாவைக் கண்டவனுக்கு என்ன பயம் என்று இவர் சொன்னாராம்.

ஆழம் தெரியாமல் காலை விட்டார். முதல்நாள் தண்ணீர்க் குழாயோடு உள்ளே போக, இரண்டு பக்கமும் கம்பிகளுக்கு வெளியே கைகள் நீண்டன. நகம் வைத்த, ரேகை ஓடின கைகள். மயிரைத் தவிர்த்துப் பார்த்தால் மனிசரின் கைகள். எல்லாம் சிம்பன்சிகள். அவர் குழாயைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

நாலாவது கூட்டில் ஒருத்தி இருந்தாள். நாடி மயிர் நரைத்து, ஒரு காது கிழிந்து, மார்பில் இலக்கம் பச்சை குத்தியிருந்தது. இலக்கத்தைச் சொல்லி ஒருத்தியைக் கூப்பிட இவருக்கு வாய் வரவில்லை. பிலோமினா என்று பெயர் வைத்தார். அவருடைய மணிக்கட்டில் பழைய தூண்டில் கிழித்த தழும்பு ஒன்று இருந்தது. பிலோ தினமும் அந்தத் தழும்பை விரலால் தடவி, இன்னும் நோகிறதா என்று பார்ப்பதுபோல அவருடைய முகத்தையும் பார்ப்பாள். மரியநாயகிகூட அந்தத் தழும்பைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

"பிலோ இண்டைக்கு ஒண்டும் சாப்பிடேல்லை" என்று ஒருநாள் தொலைபேசியில் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். கிறிஸ்துநாயகம் அமெரிக்காவில் ஒருத்தியை வைத்திருக்கிறார், பெயர்கூட எங்கடை பெயர்தான் என்று குருநகர் முழுக்கக் கதை பரவினது. மரியநாயகி மூன்று மாதம் அவரோடு கதைக்கவில்லை. பிறகு அவர் படம் எடுத்து அனுப்ப, அவள் படத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதாள். "குரங்குக்கு உருகிற மனிசன், பெத்த பிள்ளையை ஒருக்கால் வந்து பாக்கக்கூடாதே" என்றாள்.

அந்த இடத்தில் ஈரல் நோய் ஒன்றுக்கு மருந்து தேடினார்கள். தேடவேண்டிய மருந்துதான், எத்தனையோ குடும்பத்தைத் தின்ற நோய். ஆனால் நோயைப் பிலோவின் உடம்பில் ஏற்றிவிட்டு, கிழமைக்கொருதரம் அவளை மயக்கி, விலாவுக்குக் கீழே ஊசி விட்டு, ஈரலில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். புதன்கிழமை வந்தால் பிலோ கூட்டின் மூலைக்குள் ஒடுங்கிவிடுவாள். துவக்கால் மயக்க ஊசியை அடித்துத்தான் விழுத்துவார்கள். பிறகுதான் பார்த்தார்கள், கூடு கழுவுகிறவன் கூப்பிட்டால் இவள் ஓடிவருகிறாள். "நீ கூப்பிடு, ஊசியை நாங்கள் போடுகிறோம்" என்றார்கள்.

துவக்கால் அடி வாங்குவதை விட இது மேல் என்று கிறிஸ்துநாயகம் சம்மதித்தார். நல்ல எண்ணம்தான். பிலோ வந்து கம்பியோடு நெருங்கி நிற்பாள். கத்திக்குப் போகிற பிள்ளையைச் சும்மா அனுப்பக் குருநகர் மனிசனுக்கு மனம் வருமா? கம்பிக்குள் பெருவிரலை விட்டு அவளுடைய நெற்றியில் ஒரு குருசு போடுவார். நித்திரையில் விட்டுவிட்டு வந்த பிள்ளைக்குப் போடாததையும் சேர்த்துப் போடுவதாக அவருக்கு ஒரு நினைப்பு. அடுத்த நிமிசம் பக்கத்தில் நிற்கிறவர் ஊசியைக் குத்துவார்.

சில மாதம் போக, அவர் விரலை நீட்ட முன்னமே பிலோ நெற்றியைக் குனிந்து கொடுக்கத் தொடங்கினாள். குருசை வாங்கிவிட்டுப் பக்கவாட்டில் திரும்பித் தானாகவே கையைக் கம்பிக்கு வெளியே நீட்டுவாள். இவருக்குப் பெருமை பிடிபடவில்லை. "எங்கடை சனத்தை விட இவளுக்குப் பக்தி" என்று மரியநாயகிக்குச் சொன்னார். அப்படியே வருசங்கள் போயின.

பிறகு வெளியே பதாகைகளோடு ஆட்கள் நின்றார்கள், உள்ளே கூட்டங்கள் நடந்தன, கடைசியில் மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். இனிச் சிம்பன்சிகளில் மருந்து ஆராய்ச்சி வேண்டாம், இருக்கிறவற்றை மரமும் புல்லும் உள்ள இடத்துக்கு அனுப்பி நிம்மதியாகச் சாகவிடுங்கள் என்று. புதன்கிழமை ஊசி நின்றது. கிறிஸ்துநாயகத்துக்கு வேலை போகப்போகிறது, ஆனாலும் மனிசன் அன்றைக்கு ஒரு போத்தல் வாங்கித் தனிய இருந்து கொண்டாடினார்.

லொறி வந்த நாள் நல்ல வெயில். பிலோ ஒரு அப்பிளைக் கடித்துக்கொண்டு தானாகவே லொறிக் கூட்டுக்குள் ஏறி இருந்தாள். இருபத்தாறு வருசம் சீமெந்தில் இருந்தவள் புல்லுக்குப் போகிறாள். இவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வெளிநாடு போகிற பிள்ளையை வழியனுப்புகிற மாதிரிக் கிட்டப் போய், கம்பிக்குள் பெருவிரலை விட்டு, அவளுடைய நெற்றியில் ஒரு குருசு போட்டார்.

அப்பிள் கீழே விழுந்தது. பிலோ அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கவாட்டில் திரும்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கையைக் கம்பிக்கு வெளியே நீட்டினாள். அவளுக்குக் கீழே மூத்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கிறிஸ்துநாயகத்துக்கு எல்லாம் விளங்கினது. பதினொரு வருசம் அவள் குனிந்தது பக்திக்கில்லை. இந்த விரல் நெற்றியில் பட்டால் அடுத்தது ஊசி என்று அவளுக்கு அவரே படிப்பித்திருக்கிறார். "இல்லை பிலோ, முடிஞ்சுது, எல்லாம் முடிஞ்சுது" என்று கத்தினார். அவர் தமிழில் கத்தினதும் அவளுக்கு ஒன்றுதான், இங்கிலீசில் கத்தியிருந்தாலும் ஒன்றுதான். நீட்டின கையை யாரோ உள்ளே தள்ளிவிட்டு லொறிக் கதவைப் பூட்டினார்கள்.

மூன்று கிழமையில் பிலோ போன இடத்திலிருந்து கடிதம் வந்தது. பிலோ புல்லில் ஒருநாளும் கால் வைக்கவில்லையாம். வெளிக்கதவைத் திறந்துவிட்டாலும் போகாமல், உள்கம்பியோடு இருந்து கையை வெளியே நீட்டிக்கொண்டே இருந்தாளாம். யாராவது வந்து ஊசியைக் குத்தினால்தான் அது முடியும் என்று காத்திருந்தாளாக்கும். சாப்பாடு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் செத்துப்போனாள். ஈரல் முன்னமே பழுது, பிரயாணம் தாங்கவில்லை என்று மிருக வைத்தியர் எழுதியிருந்தார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஆராய்ச்சி எல்லாம் நின்றுவிட்டது என்று உலகத்துக்கே தெரிந்திருந்தும், பிலோவுக்குத் தெரியாது. அவள் தெரியாமலே போய்விட்டாள். கிறிஸ்துநாயகம் மூட்டை கட்டிக்கொண்டு குருநகருக்கு வந்து சேர்ந்தார், அந்தப் பெருவிரலையும் கொண்டுதான் வந்தார்.

வியாழக்கிழமை காலமை அவர் படலையைத் திறக்க, நீக்கிலாப்பிள்ளை மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "கிறிஸ்து, இண்டைக்கெண்டாலும் உந்தக் கையை அவிழும் ஐசே" என்றார். பகிடி மாதிரித்தான் சொன்னார், முகத்தில் சிரிப்பு இல்லை.

ஆஸ்பத்திரியில், முந்தின ஆளின் சத்திரசிகிச்சை முடியவில்லை என்று லவீனாவின் தள்ளுவண்டியை நடைபாதைச் சுவரோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். அவளுடைய முகம் வெளிறிப்போய்க் கிடந்தது. மரியநாயகி செபமாலையோடு ஒரு பக்கம், ஜெறோம் மறுபக்கம். கிறிஸ்துநாயகம் கால்மாட்டில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இப்ப போடுங்கோ அப்பா."

"பிள்ளை, என்ரை கை சரியில்லை" என்று தொடங்கினவர், பத்து வருசம் ஒருத்தருக்கும் சொல்லாததை அந்த அரைமணித்தியாலத்தில் சொல்லி முடித்தார். மரியநாயகியின் செபம் பாதியில் நின்றுவிட்டது. பிலோ செத்தது அவளுக்குத் தெரியும், எப்படி என்று தெரியாது. ஜெறோம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

லவீனா தலையைத் திருப்பித் தகப்பனைப் பார்த்தாள்.

"அவளுக்குப் பதினொரு வருசம் போட்டியள்" என்றாள். "எனக்கு ஒருக்காலும் போடேல்லை. அவளுக்கு உங்கடை கையைத் தெரியும், அதாலை பயந்தாள். எனக்கு உங்கடை கையையே தெரியாதப்பா."

கிறிஸ்துநாயகம் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார். அடிக்கிறதென்றால் இப்படித்தான் அடிக்கவேண்டும், ஆனால் அவள் அடிக்கவென்று சொல்லவில்லை.

"பயமெண்டால் பயத்தோடையே போடுங்கோ. நான் உள்ளை போறன். ஆனா நான் கண் முழிக்கேக்கை நீங்கள் பக்கத்திலை நிக்கவேணும். முடிஞ்சுது எண்டு நீங்கள் சொல்லவேணும். வேறை ஆர் சொன்னாலும் நான் நம்பமாட்டன்."

அவர் கையை முன்னால் எடுத்தார். மேலிருந்து கீழே ஒரு கோடு, இடமிருந்து வலம் ஒரு கோடு. அவளுடைய நெற்றி குளிர்ந்துபோய் இருந்தது.

விரலை இன்னும் எடுக்கவில்லை, அதற்குள் பின்னால் நேர்ஸ் வந்துவிட்டாள். "அக்கா, ஒரு ஊசி இருக்கு. கையை நீட்டுங்கோ."

லவீனா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை வண்டிக்கு வெளியே நீட்டினாள். கிறிஸ்துநாயகம் வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அந்தோனியாரே" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். வண்டி உள்ளே போனது, கதவு சாத்திக்கொண்டது.

ஒரு மணித்தியாலத்தில் பிள்ளை வெளியே வந்தது. பெண் பிள்ளை, நல்ல சத்தம். மரியநாயகி வாங்கிக்கொண்டாள். தாய் வரவில்லை. அடுத்ததாக நேர்ஸ் ஓடிவந்து இரத்தம் கேட்டாள், கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கேட்டாள். ஜெறோம் இறங்குதுறைக்கு அழைப்பெடுக்க, வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் உப்புப் படிந்த உடுப்போடு ஓட்டோக்களில் வந்து இறங்கினார்கள். ஒழுங்கையில் அவரைக் கண்டு மாறி நடந்தவர்கள்தான் எல்லாரும். நீக்கிலாப்பிள்ளையும் வந்திருந்தார், வயது போய்விட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் கிறிஸ்துநாயகத்துக்குப் பக்கத்தில் வந்து இருந்து, "போட்டனீரோ?" என்று மெல்லக் கேட்டார். "ஓம்" என்றார் கிறிஸ்துநாயகம்.

பின்னேரம் டொக்டர் வந்தார். கர்ப்பப்பையை எடுக்கவேண்டி வந்தது, இரத்தம் நின்றிருக்கிறது, ஆனால் இன்னும் மயக்கம் தெளியவில்லை, பொறுத்துப் பார்ப்போம் என்றார். அதிதீவிரப் பிரிவுக் கதவுக்கு வெளியே கிறிஸ்துநாயகம் நின்றார். பேத்தியைக் கொண்டுவந்து காட்டினார்கள், ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பவும் கதவைப் பார்த்தார். காவலாளி துரத்தினார், போனார், வந்தார். "உங்களுக்கு விசரே, வீட்டை போய்ப் படுங்கோ" என்று மரியநாயகி கத்தினாள். "முழிக்கேக்கை நான் நிக்கவேணும்" என்றார். வேறு ஒரு கதையும் அவரிடம் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கதவு திறந்தது. "லவீனாவின்ரை அப்பா ஆர்? கண் திறக்கப் பாக்கிறா. அஞ்சு நிமிசம்தான்."

உள்ளே குழாய்களுக்கு நடுவில் மகள் கிடந்தாள். ஊசி ஏற்றின கை கட்டிலின் ஓரத்துக்கு வெளியே நேராக நீட்டியிருந்தது. விரல்கள் விறைத்திருந்தன, கண்கள் இறுக்கி மூடியிருந்தன. நீட்டின கையை அவள் அப்படியே வைத்திருந்தாள்.

கிறிஸ்துநாயகம் அவளுடைய காதோடு குனிந்தார்.

"பிள்ளை, அப்பா நிக்கிறன். முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த விரல்கள் தளர்ந்தன. லவீனா கண்ணைத் திறக்காமலே, மெல்ல மெல்லக் கையை இழுத்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

அவர் அந்தக் கையைப் பார்த்தபடி, "முடிஞ்சுது" என்று இன்னொருதரம் சொன்னார். அது லவீனாவுக்குச் சொன்னதில்லை.